இரண்டாவது சைகை

பிப்ரவரி 2

அக்கா,

பதினோரு மாதமாக ஒரு வரி எழுதாதவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று நினைப்பாய். காரியம் ஆகும்வரை காலைப் பிடிக்கிற கதைதான், மறைக்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால் இங்கே விடுதியில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்தான் போனைக் கையில் தருகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்திலும் "அக்கா இப்பத்தான் படுத்தா" என்று அம்மா சொல்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் சரியாக அதே நேரத்துக்கு உனக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று நானும் கேட்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் இருபத்தைந்தாம் தேதி பெரிய பேஸ்பால் அணிக்குத் தேர்வு. பந்தெறிகிறவர்கள் நாங்கள் ஐந்து பேர். இரண்டு பேரை எடுப்பார்கள், மற்ற மூன்று பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஒரு மாதம் முன்பு வரை முதல் பெயராக என்னைத்தான் சொன்னார்கள். இப்போது வருகிறவள் போகிறவள் எல்லாம் என் பந்தை அடித்துத் துவைக்கிறாள். போன சனிக்கிழமை ஒரே சுற்றில் ஐந்து ஓட்டம். கோச் வந்து என் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

வேகத்தில் குறை இல்லை, மீட்டரில் பழைய எண்தான் காட்டுகிறது. ஆனால் அடுத்து என்ன வரும் என்று என் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிற மாதிரி காத்திருந்து அடிக்கிறார்கள். என் பந்தைப் பிடிக்க எதிரே கேட்சராக உட்காருகிற பெண் நல்லவள்தான். காலில் காப்பெல்லாம் கட்டிக்கொண்டு அவள் நடக்கிற நடையைப் பார்த்து வாத்து என்று பெயர் வைத்திருக்கிறோம். அவள் விரலில் ஒரே ஒரு யோசனைதான் இருக்கிறது: வேகம், வேகம், மெது. மறுபடி வேகம், வேகம், மெது. நான் தலையாட்டி வேறு கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள்.

ஏழு வருடம் நீதான் எதிரே குந்தியிருந்து எந்தப் பந்து என்று விரலைக் காட்டினாய். நான் எறிந்ததோடு சரி. யோசித்ததெல்லாம் நீ. இப்போது யோசிக்க உட்கார்ந்தால் எனக்குத் தலையில் காற்றுதான் அடிக்கிறது. எதை எப்போது எறிவது, எதற்குப் பின்னால் எது? திட்டிவிட்டாவது எழுது.

தங்கை


பிப்ரவரி 9

அடியே,

கோணல் எழுத்தைப் பார்த்து வேறு யாரோ எழுதியது என்று நினைக்காதே. இடது கை. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இனி மடங்காது என்று செப்டம்பரிலேயே மருத்துவர் முடிவாகச் சொல்லிவிட்டார். அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். "புள்ள மனசு கெட்டுப்போயிடும்" என்பாள். பல் செட் பட்டறையில் மெழுகில் பல் செதுக்கிக்கொண்டிருந்தேனே, அந்த வேலை போய்விட்டது. மடங்காத விரலோடு அங்கே என்ன செய்வது? இப்போது ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறேன். இயந்திரத்திலிருந்து சூடாக வரும், ஆறுவதற்குள் நான்காக மடித்து அடுக்க வேண்டும். அதற்கு ஒன்றரைக் கை போதும்.

போயும் போயும் என்னிடமா கேட்கிறாய்? சைகையை மாற்றிக் காட்டிக் கையை உடைத்துக்கொண்டவள் நான். அப்பா இன்னும் அதை விட்டபாடில்லை. வீட்டுக்கு யாராவது வந்து என் கையைப் பார்த்தால் போதும், நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிடுவார். "மெதுவா போடச் சொல்லணும்னு மனசுல நினைச்சுக்கிட்டு, வேகத்துக்கு விரலைக் காட்டிட்டா. சின்னவ என்ன பண்ணுவா பாவம், காட்டினதைப் போட்டா." வந்தவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். எனக்கா உனக்கா என்று தெரியாது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தூங்கத்தான் நினைத்தேன். ஆனால் அந்த "வேகம், வேகம், மெது"வைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டுக்கொள்.

உன்னிடம் இருப்பது மூன்று பந்து. வேகம், வளைவு, சோம்பேறி. மெதுப்பந்துக்கு நாம் வைத்த பெயரை மாற்றாதே, அங்கே என்ன நாகரிகப் பெயர் சொன்னாலும் சரி. நான்காவதாக ஒன்றைக் கற்றுத்தருகிறேன் என்று யாராவது வந்தால் ஓடிவிடு. அரைகுறையாக நாலு தெரிந்தவளுக்கு எவளும் பயப்பட மாட்டாள், முழுசாக இரண்டு தெரிந்தவளுக்குத்தான் பயப்படுவாள். சோம்பேறிப் பந்து மெதுவாக வருவதால் மட்டும் ஏமாற்றுவதில்லை. வேகப்பந்து மாதிரியே கிளம்பி வருவதால்தான் ஏமாற்றுகிறது. நீ அதை எறியும்போது கையையும் சேர்த்து மெதுவாக்குகிறாய், பந்தயம் கட்டுகிறேன். பயம் வந்தால் நீ அதைத்தான் செய்வாய். கை அதே வேகத்தில் வரட்டும். பந்தை உள்ளங்கைக்குள் ஆழமாக வைத்துப் பிடி, மெதுவாக்குகிற வேலையைப் பிடி பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது வரிசை. வேகம், வேகம், மெது என்பது வாய்ப்பாடு. அதைக் கலந்து போடுவது என்று சொல்ல மாட்டார்கள். ஒருத்திக்கு முதல் பந்தே சோம்பேறியாகப் போடு. இன்னொருத்திக்கு இரண்டு சோம்பேறி, அடுத்தடுத்து. எதைப் போடுவது என்பதை அவள் காலில் பார். பந்து வருமுன்பே முன்கால் அவசரமாக இறங்கினால் அவள் வேகத்துக்குக் காத்திருக்கிறாள், மெதுவாகப் போடு. தாமதமாகச் சுழற்றி ஓரத்தில் தட்டினால் உன் வேகத்துக்கு அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. அவளுக்குப் போய் மெதுவாகப் போட்டு உபகாரம் செய்யாதே. வளைவை அளவோடு வை, பதினைந்து பந்தில் இரண்டு. முழங்கை போனால் கடையில் வாங்க முடியாது.

வாத்திடம் இதையெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசு. ஆட்டத்தின் நடுவே தலையாட்டிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

அக்கா


பிப்ரவரி 14

அக்கா, அக்கா,

நேற்று இரண்டு சுற்று எறிந்தேன். ஒரு ஓட்டம்கூட இல்லை! கை உண்மையிலேயே மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தது. வாத்தைப் பார்க்கச் சொன்னேன், அவளும் ஆமாம் என்றாள். இவ்வளவு தூரத்திலிருந்து பார்க்காமலே கண்டுபிடித்தாயே, நீ மனுஷிதானா? இங்கே நன்றாக அடிக்கிற பெண் ஒருத்தி, ஆறடி உயரம், அவளுக்கு முதல் பந்தே சோம்பேறி போட்டேன். பந்து வருவதற்குள் பேட்டைச் சுழற்றி முடித்துவிட்டு, தன் நிழலைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள். கோச் முதல் தடவையாகச் சிரித்தார்.

உன் விரலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. நடந்தது நடந்துவிட்டது, அதையே கிளறிக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன லாபம்?

ஒரே ஒரு சிக்கல். எதிரணிப் பெண் யாராவது ஓடி வந்து என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற இரண்டாவது பேஸில் நின்றுவிட்டால் எனக்குக் கை ஜில்லிட்டுப் போகிறது. வாத்து சைகை காட்டுகிறாள், நான் பார்க்கிறேன், ஆனால் பார்த்தது மண்டையில் ஏறுவதில்லை. தேர்வு நாளில் அப்படி நின்றால் கதை முடிந்தது. அந்த மாதிரி நேரத்தில் எதை எறிவது?

தங்கை


பிப்ரவரி 20

அடியே,

கிளறாதே என்று எழுதிய கையோடு இரண்டாவது பேஸைப் பற்றிக் கேட்கிறாய். கிளறத்தான் போகிறேன். எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

நம் பழைய மைதானத்தில் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களுக்கு ஒரு அணி ஆரம்பித்திருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்து எந்தப் பந்து எறிவது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம். என்னைக் கேட்டார்கள். "உனக்குக் கை எதுக்கு? தலை இருந்தா போதும்" என்றார்கள். அந்தத் தலையைத்தான் நான் நம்பவில்லை. அந்த நாளுக்குப் பிறகு எதையும் ஒரு தடவை செய்துவிட்டு என்னால் நகர முடிவதில்லை. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறேன். போர்வைக் கட்டை மூன்று தடவை எண்ணுகிறேன். மேற்பார்வை பார்க்கிற அம்மாள், "எண்ணி எண்ணித் தேய்ஞ்சுபோயிடப் போகுது, விடும்மா" என்று எல்லோர் எதிரிலும் சொல்கிறாள். இருபத்தோரு வயதில் இப்படி இருக்கிறேன். ஒரு குழந்தை பந்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கும்போது நான் தப்பாகச் சொல்லி, இன்னொரு குழந்தையின் கை உடைந்தால்?

அன்றைக்கு நடந்ததை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒருத்தி அவுட். இரண்டாவது பேஸில் எதிரணிக்காரி. அங்கே நிற்பவளுக்கு என் விரல் தெரியும் என்பதால் மூன்று சைகை காட்டுவேன், அதில் இரண்டாவது மட்டும்தான் செல்லும், முதலும் மூன்றாவதும் அவளை ஏமாற்ற. ஒரு விரல் வேகம், இரண்டு வளைவு, நான்கு சோம்பேறி. பேட் பிடித்தவள் முந்தின இரண்டு பந்துக்கும் முன்கூட்டியே சுழற்றியிருந்தாள், சோம்பேறிதான் போட வேண்டும். ஒன்று, நான்கு, இரண்டு என்று காட்டியதாகத்தான் எனக்கு ஞாபகம். தாழ்வாக வரும் என்று கையுறையைக் கீழே திருப்பினேன். ஓடப்போகிறவளைப் பந்தெறிந்து அவுட்டாக்குவதற்காக வலது கையை வெறுமனே மேலே தயாராக வைத்திருந்தேன். மேலே வந்தது உன் வேகப்பந்து.

கோச் கேட்டபோது "ரெண்டாவதா ஒரு விரல்தான் காட்டினா" என்று நீ சொன்னாய். அப்படியென்றால் நான் நான்கு, ஒன்று, இரண்டு என்று காட்டியிருக்க வேண்டும். அல்லது வேறு ஏதாவது. என் விரல் என் பேச்சைக் கேட்காமல் என்னதான் காட்டியது? நீ பார்த்த மூன்றையும் வரிசையாக எழுது. என் தப்பு எப்படி நடந்தது என்று தெரிந்தால் திரும்ப நடக்காமல் பார்த்துக்கொள்வேன். மார்ச் முதல் தேதிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். கெஞ்சியே கேட்கிறேன், உடனே எழுது.

நீ கேட்டதற்கு: கை ஜில்லிட்டால் எதையும் எறியாதே. எறிகிற மேட்டை விட்டு இறங்கு, மண்ணைத் தட்டு, மறுபடி சைகையைக் கேள். நேரம் கேட்டால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

ஒன்று, நான்கு, இரண்டு.

நீ சரியாகத்தான் காட்டினாய். நான் சரியாகத்தான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வேகமாக எறிந்தேன்.

வலைக்குப் பின்னால் மீட்டரை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தாரே, இந்த விடுதிக்கு ஆள் பொறுக்க வந்தவர். அதற்கு முந்தின பந்துக்கு மீட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எனக்கு அதுதான் கண்ணில் நின்றது. நீ சோம்பேறி கேட்கிறாய், அதை எறிந்தால் மீட்டரில் என்ன வரும்? ஒரே ஒரு பந்து, இருக்கிற பலத்தையெல்லாம் வைத்து எறிந்து காட்டிவிடலாம் என்று நினைத்தேன். நீ எப்படியும் பிடித்துவிடுவாய் என்று நினைத்தேன். ஏழு வருடத்தில் நான் எதை எறிந்து நீ பிடிக்காமல் விட்டாய்?

நீ மண்ணில் முட்டி போட்டு, கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்திருந்தாய். நான் முதலில் உன்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தேன். அவர் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் உன்னைப் பார்த்தேன். அந்த எண்ணை வைத்துத்தான் என்னை இங்கே எடுத்தார்கள்.

கோச் கேட்டதும் அந்தப் பொய் தானாக வாயில் வந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் உனக்கு அறுவை சிகிச்சை. அப்புறம் நீயே "நான்தான் குழப்பிட்டேன் போல" என்று சொல்ல ஆரம்பித்தாய். நீயே சொன்னபிறகு எனக்குச் சுலபமாகப் போய்விட்டது. போனில் நீ வராத ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அக்கா. அதையும் எழுதிவிடுகிறேன்.

உன் தலையில் ஒரு கோளாறும் இல்லை. அந்த வேலைக்குப் போ.

(28ஆம் தேதி சேர்க்கிறேன். இதை நான்கு நாளாகத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். இன்றைக்குத்தான் தபாலில் போடுகிறேன்.)


மார்ச் 4

உன் கடிதம் நேற்று வந்தது. நான் முதல் தேதியே முடியாது என்று சொல்லிவிட்டேன். இன்றைக்குக் காலையில் ஓடினேன். வேறு ஆளைப் போட்டாயிற்றாம். தலையணைக்கு அடியில் நான்கு நாள்.

கைக்காக உன்னைக் கேட்க மாட்டேன். அது ஒரு நொடி. பதினாறு வயதில் எவளுக்கும் ஒரு நொடி புத்தி கெடும். ஆனால் ஒரு வருடம், தினமும், நான் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டு கதவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அது ஒரு நொடி இல்லை. ஒவ்வொரு நாளும் நீ எழுந்து, பல் தேய்த்து, மறுபடி அதையே தேர்ந்தெடுத்தாய்.

பேட் பிடிப்பவளை எவ்வளவு வேண்டுமானாலும் ஏமாற்று, எறிபவளின் பிழைப்பே அதுதான். எதிரே குந்தியிருப்பவளுக்குத் தெரியாமல் மட்டும் ஒரு பந்தும் வரக் கூடாது. இது ஒன்பது வயதில் நான் உனக்குச் சொன்ன முதல் விஷயம்.

இரண்டு காரியம் செய். அடுத்த பந்தை எறிவதற்கு முன்னால் வாத்திடம் எல்லாவற்றையும் சொல். அவளும் ஒரு கையில் உறையில்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம் உன் வாயாலேயே சொல். நான் சொல்ல மாட்டேன்.


மார்ச் 12

அக்கா,

இரண்டையும் செய்துவிட்டேன்.

வாத்து காலில் காப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கிறவரை நிமிரவில்லை. அப்புறம் ஒன்றுதான் கேட்டாள். "எனக்கும் இப்படிப் பண்ணியிருக்கியா?" இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. பயிற்சியில் இரண்டு தடவை செய்திருக்கிறேன். அவள் வளைவு கேட்டபோது வேகமாக எறிந்திருக்கிறேன். "என்னைக்கு?" என்றாள். சொன்னேன். ஒரு தடவை அவளுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. தன் கவனக்குறைவு என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள், அக்கா. உன்னை மாதிரியே. கட்டிய காப்பை ஒவ்வொன்றாக அவிழ்த்து வைத்துவிட்டு நேரே கோச்சிடம் போனாள்.

இப்போது எனக்கு எதிரே யாரும் உட்காருவதில்லை. சுவரில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு எறிகிறேன். சாப்பாட்டு மேஜையில் நான் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. தேர்வுப் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள்.

அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டேன். "இதை இப்பப் போயா சொல்லுவ? இன்னும் ரெண்டு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா? அவ கை திரும்பி வரவா போகுது?" என்றார். உன்னிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னார். பேசினாரா?

நேற்று கோச் கூப்பிட்டார். "உங்க அக்கா மன்னிச்சுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும். பாதிக்கப்பட்டவங்களே விட்டுட்டா மத்தவங்க எதுக்குப் பிடிச்சுத் தொங்கணும்? தேர்வுல நிக்க விடறேன்" என்றார். அப்பாவிடமும் அவர் போனில் பேசியிருக்கிறார்.

கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்கிறேன். எனக்கு இதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. ஒரு வரி, அக்கா.


மார்ச் 19

தங்கைக்கு,

அப்பா பேசினாரா என்று கேட்டாய். நீ சொன்ன ஞாயிற்றுக்கிழமை போனை வைத்துவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். தண்ணீர் கேட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, உன் கடிதம் வருவதற்கும் முன்னாலேயே, ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "சின்னவளுக்கு ஒரு வரி எழுதிக் குடும்மா. வீட்டு விஷயம் வீட்டோட போகட்டும்" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "இத்தனை நாள் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் என்னைச் சொன்னீங்களே, அவங்களைத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்வீங்களாப்பா?" என்று கேட்டேன். எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா அழுகிறாள். யாருக்காக என்று அவளையும் நான் கேட்கவில்லை.

அந்தத் தாளிலேயே கோச்சுக்கு எழுதினேன். உனக்கும் தெரிய வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்: "என் தங்கை சொன்னது எல்லாம் உண்மை. நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதித் தரச் சொன்னீர்களாம். மன்னிக்கவில்லை. நான் மன்னித்தாலும் அது உங்கள் கேட்சரின் கைக்குக் காப்பு ஆகாது. என் தங்கைக்கு எதிரே உட்காரப்போகிற பெண்ணைக் கேளுங்கள். அவள் சரி என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை."

இது உனக்கு உதவாது என்று தெரிந்தேதான் தபாலில் போட்டேன். அந்தப் பெண் சரி என்று சொல்ல மாட்டாள். நானாக இருந்தாலும் சொல்ல மாட்டேன். இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அதையும் தெரிந்துகொள். உன் கையில் இருப்பது லட்சத்தில் ஒருத்திக்கு வருவது. அதை முதலில் கண்டுபிடித்தவள் நான். அது சுவரில் மோதிக்கொண்டிருக்கிறது என்று நீ எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஆனாலும் பொய் எழுத மாட்டேன். நம் வீட்டில் ஒரு பொய் போதும்.

பெட்டியைக் கட்ட வேண்டி வந்தால் வீட்டுக்கு வா, வேறு எங்கேயும் போய்விடாதே. உன் கட்டிலில் என் துணியைப் போட்டு வைத்திருக்கிறேன், எடுத்துவிடுகிறேன். நீ வந்து இறங்கியதும் சாப்பிட்டாயா என்று கேட்பேன். தோள் வலிக்கிறதா, தூங்கினாயா, அங்கே யாராவது உன்னைக் கைநீட்டி அடித்தார்களா என்றெல்லாம் கேட்பேன், கேட்காமல் என்னால் இருக்க முடியாது. நீ என்ன பதில் சொன்னாலும் நம்ப மாட்டேன்.

அக்கா